அக்கா எழுதாமல் விட்ட நான்கு வரிகள்

எங்கள் அக்கா ஓரிடத்தில் ஆறுதலாக இருந்து நாங்கள் கண்டதில்லை. சோறு வடிக்கும்போதும் ஒரு கால் வாசலில்தான் நிற்கும். "கொஞ்சம் இரு பிள்ளை" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கடைசிச் சில வாரங்கள் படுக்கையில் கிடந்தபோதுகூடப் போர்வைக்குக் கீழே அவரது பாதங்கள் அசைந்துகொண்டேயிருந்தன. அப்படிப்பட்டவரைப் பற்றி, முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அடக்க ஒடுக்கமாக எழுத எனக்கு வரவில்லை. உறவினரும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா வடமராட்சியில் பிறந்தவர். வாசிகசாலைக்கு வரும் சஞ்சிகைகளில் பிடித்த கவிதையைக் கண்டால், நின்ற நிலையிலேயே கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு வந்துவிடுவார். மணமாகி, மகன் வாகீசன் பிறந்த அடுத்த வருடம் அத்தானை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவேயில்லை. எண்பத்துநான்கில், இரண்டு வயதுப் பிள்ளையை மச்சாளிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா என்னோடு புறப்பட்டார். விடியற்காலை, பிள்ளை நித்திரை. எழுப்பினால் தன்னால் போக ஏலாது என்று எழுப்பாமலே வந்தார்.

கிழக்குப் பேர்லினில் இறங்கி மேற்குக்குக் கடந்த எங்களை, கடைசியில் ரைன் நதியோரச் சிற்றூர் ஒன்றின் அகதி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அசூல் வழக்கு, அதாவது அகதியாக ஏற்கும் வழக்கு, வென்றால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாழ்க்கையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்து நடந்து என் உயிரை வாங்கினார்.

அந்த விடுதிக்குக் குளிர் உடுப்புகள் கொண்டுவந்த ஹெல்கா அம்மாதான் எங்களுக்கு ஜேர்மன் சொல்லித் தந்தவர். ஒருநாள் தன் பூட்டியின் கையெழுத்துக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். பூட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண். புத்தகம் வாங்க வசதியில்லை. வாடகை நூல்நிலையத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குள், பிடித்த கவிதைகளைப் பார்த்தெழுதுவாராம். தோழிகளின் கொப்பியிலிருந்தும், ஆண்டு மலர்களிலிருந்தும், பத்திரிகையின் ஓரத்திலிருந்தும் எழுதுவாராம். கவிஞரின் பெயரைப் பெரும்பாலும் எழுதவே மாட்டாராம். எழுதியபின் அது தன்னுடையது என்ற நினைப்பு. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எடி, இவ என்ரை ஆள்" என்றார்.

அந்தப் பழைய எழுத்து எங்களுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. ஹெல்கா அம்மா சத்தமாக வாசிக்க, அக்கா அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

"ஜேர்மன்காரற்றை பாட்டைத் தமிழிலை எழுதுற ஒரே ஆள் உலகத்திலை நீங்கள்தான்" என்று பகிடி பண்ணினேன்.

"சத்தம் வந்தால் சரி. அர்த்தம் பிறகு வரும்" என்றார் அக்கா.

ஒரு கவிதையின் அர்த்தம் வந்துதான் வினையாயிற்று. ஒரு தாய், நித்திரை கொள்ளும் பிள்ளையை விட்டுவிட்டு விடியமுன் வீட்டைவிட்டுப் போகிறாள். திரும்பி வருவேன் என்று கதவிடம் சொல்கிறாள். பூட்டி, பாட்டின் ஒவ்வொரு நான்கு வரிக்கும் இலக்கம் போட்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நான்கு என்று போட்டு, மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தார். தாய் திரும்பி வந்தாளா இல்லையா என்பது அந்த நான்கில் இருக்க வேண்டும்.

அதன்பிறகு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைப் போல அந்த நான்கு வரிகளைப் பிடித்துக்கொண்டார். எந்த ஆண்டு மலரிலிருந்து எழுதியது என்று பூட்டி மேலே குறித்திருந்தார். அது பான் நகரத்துப் பெரிய நூல்நிலையத்தில் இருக்கலாம் என்றார் ஹெல்கா அம்மா. பான் எங்கள் எல்லைக்கு வெளியே. அக்கா அரசாங்கக் கந்தோருக்குப் போய் அனுமதி கேட்டார். வைத்தியர், வழக்கறிஞர், இந்த இரண்டுக்கும்தான் அனுமதி என்று அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, விசர் வேலை பார்க்காதேங்கோ. பிடிபட்டால் வழக்குப் போச்சு. வாகீசனும் அங்கையே கிடக்க வேண்டியதுதான்" என்று கத்தினேன்.

"அவனுக்காகத்தான் போறன். எனக்குத் தெரியவேணும்."

போய்விட்டார். நான் அன்று முழுக்க யன்னலில் நின்றேன். எனக்குக் கோபம், பயம், பசி எல்லாம் ஒன்றாக வந்தன. பொலிஸ் கார் ஒன்று தெருவில் திரும்பியபோது கையிலிருந்த தேநீர் சட்டையில் ஊற்றுப்பட்டது. மாலை ரயிலில் அக்கா வந்தார். யாரும் மறிக்கவில்லையாம்.

"என்ன இருக்கு நாலாவதிலை?"

"தாய் திரும்பி வாறாள்" என்றார். சப்பாத்தைக் கழற்றினார். கொப்பியைத் திறக்கவேயில்லை.

வழக்கு வென்று, வாகீசன் தெரிந்த ஒருவரோடு பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவனுக்கு ஆறு வயது. அக்கா கம்பியைத் தாண்டிப் பாயப் பார்த்தார். பிள்ளையோ கூட்டி வந்தவரின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். "ஆர் இது, சொல்லு பாப்பம்?" என்று அவர் கேட்க, தெரியாத பெண்களைக் கூப்பிடுவதுபோல "அன்ரி" என்றான். அக்கா அழவில்லை. "எனக்கு இது முதலே தெரியும்" என்று மட்டும் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அக்கா துப்புரவு வேலைக்கும், மாலையில் சமையல்கூட வேலைக்குமாக ஓடி அவனைப் படிக்கவைத்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

கடைசி நாட்களில், அந்தக் கொப்பியை எடுத்துத் தரச் சொன்னார். வாகீசனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். எனக்கு அரைகுறையாக விளங்கியது. அவனுக்கு முழு ஜேர்மனாகக் கேட்டது. மூன்றாவது முடிந்ததும், "மிச்சம் எங்கை அம்மா?" என்று கேட்டான்.

அக்காவின் கால்கள் அசைவதை நிறுத்தின.

"நாலாவதிலை தாய் திரும்பி வாறாள். பிள்ளைக்கு அவளை ஆரெண்டு தெரியேல்லை. அதோடை பாட்டு முடிஞ்சுது" என்றார். பிறகு அவன் கையைப் பிடித்தார். "நான் எழுதேல்லை. நீ பிறகு அம்மா எண்டு கூப்பிட்டனிதானே."

அக்காவைத் தங்கள் சொந்தத் தாயாகப் பராமரித்த தாதியருக்கும், செய்தி கேட்ட நேரத்திலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், தூர நகரங்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று உயிரோடில்லாத ஹெல்கா அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் அந்தக் கவிதையை அச்சிட்டிருக்கிறோம். நான்கு என்ற இலக்கத்துக்குக் கீழே இடம் வீணாகக் கிடக்கிறதே, ஒரு பூப்படம் போடவா என்று அச்சகத்தார் கேட்டார்கள். வாகீசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.