ஏஸ் ஜோடியோடு தோற்றால் இருநூறு டாலர்

லாஸ் வேகாஸுக்குப் பக்கத்தில், ஹெண்டர்சனில், சுற்றுலாக்காரன் எவனும் எட்டிப் பார்க்காத சூதாட்ட விடுதி டஸ்டி பர்ரோ. அங்கே போக்கர் அறைக்கு இருபத்திரண்டு வருடமாக மேலாளர் லோர்னா பெட்ராகிஸ். என்ன ரொக்கப் பரிசு அறிவித்தால் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று யோசிப்பதுதான் அவள் பிழைப்பு. குளிக்கும்போதும் யோசிப்பாள், கணவனோடு சண்டை போடும்போதும் யோசிப்பாள். இரண்டாவது கணவன் ஓடிப்போனதே, சண்டைக்கு நடுவில் இவள் எழுதப் பேனா தேடியதால்தான் என்று விடுதியில் ஒரு பேச்சு உண்டு.

அந்த மார்ச் மாதம் பொது மேலாளர் டுவைட் அவளைக் கூப்பிட்டான். அவளைவிட இருபத்தைந்து வயது சின்னவன்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்க அறையில ஈ ஓட்டிட்டு இருக்காங்க, லோர்னா. மாசக் கடைசிக்குள்ள அஞ்சு மேசை நிறையணும். இல்லேன்னா அங்க காசு போட்டுப் பொத்தானைத் தட்டுற ஸ்லாட் மெஷின் நாப்பது வந்துடும்."

"மெஷின் வாய் திறந்து பேசாது, டுவைட்."

"எனக்குப் பிடிச்சதே அதுதான்."

சீட்டுப் போடும் பதினொரு பேருக்கும் அவளுக்கும் வேலை போகும். ஐம்பத்தொன்பது வயதில் அவளை எவன் எடுப்பான்?

போக்கரில் கைக்கு வரும் முதல் இரண்டு சீட்டும் ஏஸாக, ஜோடியாக வருவதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. அது வந்தும் தோற்றவன் வயிறெரிந்து வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வயிற்றெரிச்சலுக்கு லோர்னா விலை வைத்தாள். செவ்வாய்தோறும் ஏஸ் ஜோடியோடு தோற்றவருக்கு இருநூறு டாலர் ரொக்கம்.

கூட்டம் அள்ளியது. ஓய்வு பெற்றவர்கள் ஆக்ஸிஜன் உருளையும் முதுகுக்குத் தலையணையுமாக, கூடவே மனைவியுமாக வந்து இறங்கினார்கள். இரண்டாவது வாரமே ஐந்து மேசையும் நிறைந்தன. ஆனால் ஆட்டத்தைத்தான் காணோம். ஏஸ் ஜோடி வந்தவன் வழக்கமாகப் பந்தயப் பணத்தை ஏற்றி மற்றவர்களை விரட்டுவான். இப்போதோ யாராவது தன்னை ஜெயிக்கட்டும் என்று பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான். பூனைகளைப் பார்த்து மற்றவர்களும் பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று. நடுவில் நாலு டாலர் சேர்வதே பெரிய பாடு. விடுதியின் பங்கு அந்த நாலு டாலரிலிருந்துதான் வரவேண்டும்.

ஒரு நாள், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வெர்ன் ஓல்சன் ஏஸ் ஜோடியோடு ஜெயித்துத் தொலைத்தார். மேசையே துக்கம் விசாரித்தது.

"மனச விடாதீங்க, வெர்ன். அடுத்த தடவை தோத்துடுவீங்க."

கடைசிச் செவ்வாயன்று டுவைட் வந்தான். அவன் கண்டுபிடிப்பதற்குள் லோர்னா தானே முந்திக்கொண்டாள்.

"தலை எண்ணி ஏமாந்துடாதீங்க. இங்க ஒருத்தரும் ஆடல. தப்பு என்னோடதுதான்."

டுவைட் சிரித்தான். அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனான். ஸ்லாட் மெஷின்களின் முன்னால் வரிசையாக அந்த மனைவிமார். கண்ணை எடுக்காமல் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு வாரமா இந்த மெஷின்ல காசு கூரையைப் பிச்சிக்கிட்டுக் கொட்டுது, லோர்னா. உங்க அறை இனிமே புருஷன்மார் காப்பகம். யாரும் மூட மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் மெதுவா ஆட வைக்க முடியுமா பாருங்க."

பன்னிரண்டு பேர் வேலையும் தப்பித்தது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அறைக்குத் திரும்பியதும் வெர்ன் கேட்டார்.

"என்ன கண்ணு, மூடப் போறாங்களா?"

"இல்ல. உங்க வீட்டம்மா எங்க, வெர்ன்?"

"மார்ஜா? பாவம், எனக்காக வெளிய சும்மா உக்காந்திருக்கா. தங்கமான மனுஷி."

லோர்னா வாயைத் திறந்தாள். சீட்டுப் போடும் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோர்னா வாயை மூடிக்கொண்டு, பேனாவை எடுத்து, பரிசு அறிவிப்புப் பலகையில் இருநூறை முந்நூறாகத் திருத்தினாள். ஐந்து மேசைகளும் கைதட்டின.