ஆமை டாக்டரின் கூட்டம்

அந்த மருத்துவ மையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அட்டவணை அக்கா என்றால் வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவர் வரைக்கும் தெரியும். அவளைவிட வயதில் மூத்தவரான பெரிய டாக்டரே, எதைக் கேட்டாலும், "அட்டவணை அக்காவைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வாள்.

குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் பயிற்சி டாக்டர்கள் ஆறு பேர் அங்கே இருந்தார்கள். கைக்குழந்தையின் சளியிலிருந்து தாத்தாவின் சர்க்கரை வரை ஒரு வீட்டில் வருகிற அத்தனையையும் பார்க்கக் கற்றுக்கொள்ளும் படிப்பு அது. பெரிய டாக்டர்தான் அந்தப் பயிற்சிக்குத் தலைவர். இன்றைக்கு யார் பிரசவ வார்டு, யார் வெளிநோயாளிகள், யாருக்கு வகுப்பு, யாருக்கு விடுப்பு என்று அந்த ஆறு பேரையும் ஓட்டுவது அக்காவின் பாடு. இதற்கு முன்னால் அவள் ஒரு பஸ் கம்பெனியில் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று போட்டுக்கொண்டிருந்தவள். அத்தனை டிரைவர்களை மேய்த்தவளுக்கு ஆறு டாக்டர்கள் எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே டிரைவர்கள் எவ்வளவோ தேவலை என்று தெரிந்துவிட்டது. வண்டியை எடுத்த டிரைவர் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு நோயாளியோடு உட்கார்ந்த டாக்டர் எப்போது எழுந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

அதிலும் கடைசி அறையில் இருந்த மூன்றாம் ஆண்டு டாக்டர் பெண் இருக்கிறாளே, அவள் தனி ரகம். முழங்கால் வலி என்று வந்தவரிடம் வீட்டில் எத்தனை படி, ராத்திரி தூக்கம் வருகிறதா, பையன் போன் பண்ணுகிறானா என்று ஆரம்பித்துவிடுவாள். ஆமை டாக்டர் என்று பெயர் வைத்தது அக்காதான். அது அந்தப் பெண்ணின் காதுக்கும் எட்டி, அவளும் சிரித்துவிட்டுப் பழையபடி மெதுவாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், வெளிய கூட்டம் சேருது."

"இதோ அக்கா, ரெண்டே நிமிஷம்."

"உங்க ரெண்டு நிமிஷத்துல நான் வீட்டுக்குப் போய் சமைச்சு சாப்பிட்டு வந்திடுவேன்."

இத்தனைக்கும் அக்காவின் மாமனார் அந்த ஆமை டாக்டரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பயிற்சி டாக்டர், மூன்று வருஷமும் அவரே பார்க்க வேண்டும் என்பது பெரிய டாக்டர் போட்ட விதி. அந்தப் பெயர்களை வெள்ளைப் பலகையில் ஆறு நிறத்தில் எழுதி வைத்ததும் அக்காதான். ஆனால் அது அவளுக்கு டாக்டர்களின் சம்பிரதாயமாகத்தான் பட்டது. பயணி எந்த பஸ்ஸில் ஏறினால் என்ன, ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாளெல்லாம் டாக்டர்களுக்கு நடுவில் கிடந்தாலும் அக்காவின் தலைவலிக்கு மட்டும் டாக்டர் கிடையாது. மேசை டிராயரில் மாத்திரை அட்டை இருந்தது. வலித்தால் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மாத அட்டவணையைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வருஷம் ஆய்வுக் குழு வந்து இரண்டு குறை சொல்லிவிட்டுப் போயிருந்தது. காத்திருக்கும் கூட்டம் அதிகம் என்பது ஒன்று. குடும்பத்துக்கு ஒரு டாக்டர் என்பது பேச்சில்தான் இருக்கிறது, நடப்பில் இருப்பதாகத் தெரியவில்லை என்பது இன்னொன்று. இந்தத் தடவையும் இப்படியே இருந்தால் பயிற்சிக்கு அனுமதி ரத்து. ஆறு பேரும் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குச் சிதறிப் போவார்கள், அக்காவின் வேலையும் போகும். இரண்டாவது குறையை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும், கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

ஆய்வு நாளன்று எல்லோருக்கும் முன்னால் வந்தாள். பலகையைத் துடைத்தாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் டோக்கன் வரிசைப்படி முதல் ஆள் முதல் அறைக்கு, அடுத்த ஆள் அடுத்த அறைக்கு என்று பிரித்துப் போட்டாள். ஆமை டாக்டரின் வாசலில் கூட்டம் நிற்க வழியே இல்லை. பெரிய டாக்டர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவரிடம்கூடச் சொல்லவில்லை. எப்படி மடக்கினேன் பார்த்தாயா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உயரமான ஒருவர் பெரிய டாக்டரோடு கோப்புகளைப் பார்க்கப் போனார். குட்டை முடி வைத்த அம்மா ஒருவர், யாரும் எதிர்பாராதபடி, காத்திருப்போர் பெஞ்சில் போய் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொண்டார்.

வரவேற்பு மேசைப் பெண் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் ஏழு பேரில் கடைசி அறைக்குப் போன ஒருவரைத் தவிர யாரும் நகரவில்லை. "எட்டாம் நம்பர், ரெண்டாவது ரூம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. எட்டாம் நம்பர் வைத்திருந்த வாட்ச்மேன் டோக்கனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒன்பதாம் நம்பர், மூணாவது ரூம்."

"நான் கடைசி ரூம்மா. வெயிட் பண்றேன்."

பத்தாம் நம்பர், பதினொன்றாம் நம்பர், அதே கதை. ஐந்து அறைகளில் டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வாசலை எட்டிப் பார்க்கிறார்கள், உள்ளே ஈ ஆடவில்லை. வெளியே பெஞ்சுகள் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள். போன வருஷக் கூட்டமே இதற்கு எவ்வளவோ மேல். அக்கா கூட்டத்தில் கண்ணை ஓட்டினால், நடு பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மாமனார். ஓடிப்போய் அவர் காதோரம் குனிந்தாள்.

"மாமா, என் மானத்தைக் காப்பாத்துங்க. நீங்களாவது மூணாவது ரூமுக்குப் போங்க. உங்களைப் பாத்து மத்தவங்களும் போவாங்க."

"போலாம்மா. அங்க போனா எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லணும்."

"என்ன பெரிசா சொல்லப்போறீங்க? வயித்து வலி, அவ்வளவுதானே?"

"உங்க அத்தை போனதுலேருந்து சொல்லணும். அதுக்கப்புறம்தானே வலியே ஆரம்பிச்சது. அந்தப் பொண்ணுக்குத் தெரியும். இன்னொருத்தர்கிட்ட அதை மறுபடியும் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல." அவர் காலமெல்லாம் தையல் கடை வைத்திருந்தவர். கொஞ்சம் நிறுத்தி, "ஒருத்தர் அளவெடுத்து இன்னொருத்தர் வெட்டினா சட்டை என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அவருக்கு வயிற்று வலி என்று தெரியும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். அத்தையைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

பின்னாலிருந்து குட்டை முடி அம்மாவின் குரல் கேட்டது. "பெரியவரே, உங்க டாக்டர் யாரு?"

"கடைசி ரூம்ல இருக்காங்களே, அவங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும் அவங்கதான்" என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. "இவன் வயித்துல இருந்தப்பவே பாத்தவங்க."

"எனக்கு முதல் ரூம் தம்பிதான் டாக்டர்" என்றார் வாட்ச்மேன். "இன்னிக்கு என்னவோ இந்தப் பொண்ணு ரெண்டாவது ரூமுக்குத் தள்ளுது."

பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டே போனார் அந்த அம்மா. ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. கடைசியில் அக்காவின் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மட்டும் மாத்தினீங்களா?" என்றார்.

"ஆமா மேடம். கூட்டம் உங்க கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான் மாத்தினேன். டாக்டருங்க யாருக்கும் இது தெரியாது." ஆறு பேரின் படிப்பையும் ஒரு துடைப்பான் துணியால் துடைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"சரி. உங்க டாக்டர் யாரு?"

அக்கா திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள்.

"அவளுக்கு டிராயர்தான் டாக்டர்" என்றார் மாமனார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு, "போய் பலகையைப் பழையபடி எழுதுங்க. நான் இருக்கும்போதே எழுதுங்க" என்றார்.

அக்கா ஓடினாள். பேனா மூடி எங்கேயோ தெறித்தது. எந்தப் பெயரையும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை, கை தானாக ஓடியது. வரவேற்புப் பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட, பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து, இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவரவர் அறையைப் பார்த்துப் போனார்கள். கடைசி அறை வாசலில் மட்டும் வரிசை வழக்கம்போல நீண்டது.

சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வைத்து அந்த அம்மா பேசினார். "குடும்பத்துக்கு ஒரு டாக்டர்னு போன தடவை நீங்க சொன்னதை நாங்க நம்பல. அதை மாத்திப் பாத்தா ஜனங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்கன்னு இன்னிக்குப் பாத்துட்டோம். கூட்டத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. பயிற்சி நடக்கட்டும்."

ஆறு டாக்டர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மேசையைத் தட்டினார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எதிரே வந்த ஆமை டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மெதுவாவே பாருங்க டாக்டர், அதுக்குத் தகுந்த மாதிரி நேரத்தை நான் போட்டுத் தர்றேன்" என்றாள். சொன்னபடி அடுத்த வாரமே கடைசி அறைக்கு ஆட்களை இடைவெளி விட்டு வரச் சொல்லி அட்டவணை போட்டாள். வாசலில் கூட்டம் பாதியானது. முன்பே இதைச் செய்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் முறைப்பாள்.

அதே வாரம் ஒரு மதியம், அட்டவணை அக்கா கையில் டோக்கனோடு நடு பெஞ்சில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிராயர் காலியாகியிருந்தது. வரவேற்புப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ரெண்டாவது ரூம் சும்மாதான் இருக்கு. உடனே பாத்திடலாம், போறீங்களா?"

அக்கா டோக்கனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, நான் இருக்கேன். எங்க டாக்டர் கூப்பிடட்டும்."