அக்காவின் கைக்கு ஏற்ற எஞ்சின்

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. காலால் கார் ஓட்ட முடியாது. கியர் தானாக மாறும் பழைய கார் ஒன்றில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்திருந்தோம். இழுத்தால் ஆக்சிலரேட்டர், தள்ளினால் பிரேக். அதில்தான் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போய் வருவாள்.

எஞ்சின் இனித் தேறாது என்றானபோது எல்லாரும் வேறு கார் வாங்கச் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. "இந்தக் கைப்பிடி என் கைக்குப் பழகிடுச்சுடா," என்றாள். எனக்குக் கார் எலெக்ட்ரிக் வேலைதான் தொழில். வேறு காரிலிருந்து கொஞ்சம் பெரிய எஞ்சினை எடுத்துப் பொருத்தினேன். அதற்குப் பழைய ஈசிஎம் ஒத்துவரவில்லை. எவ்வளவு பெட்ரோல் போகணும், எப்போது தீப்பொறி விழணும் என்று எஞ்சினுக்குச் சொல்கிற பெட்டி அது.

திருச்சிக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று, ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுவது. செட்டிங் எல்லாம் ஏற்றியே வரும். எனக்கு அதன் மேல்தான் கண். போனில் விவரம் கேட்ட அக்கா, "பிடிக்கலேன்னா நாமளே மாத்திக்கலாமா?" என்றாள்.

"முடியாதுக்கா. செஞ்ச கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

"அப்ப இன்னொன்ன வாங்கிட்டு வா."

இன்னொன்றில் எல்லாவற்றையும் நாமே லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர் ரோட்டில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். நான் காலால் ஓட்டிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி, அவள் கைப்பிடியைத் தொட்டதும் துள்ளியது. ஒருநாள் சிமெண்ட் லாரிக்கு முன்னால் குலுங்கி நின்றேவிட்டது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நிதானமாக ஸ்டார்ட் பண்ணி ஓரம் கட்டினாள்.

"லேசா இழுத்தா லேசாப் போவணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்," என்றாள்.

கால் தாராளமாக அமுக்கும். கை நூலளவுதான் இழுக்கும். அந்த நூலளவில்தான் பெட்ரோல் குறைந்தது, காற்று போகும் வழியோ திடுமென்று திறந்தது. கைப்பிடியை இழுக்கும் முதல் பாதியில் அந்த வழி மெல்லத் திறக்கும்படி மாற்றினேன், பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் ஓட்டுவாள், "இன்னும் கொஞ்சம்" என்பாள், மாற்றுவேன். சில வாரம் இப்படியே போனது. திரையைப் பார்ப்பதைவிட அவள் மணிக்கட்டைப் பார்ப்பதே எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு காலையில் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வாசலில் நிறுத்தி, "நீ இறங்கி டீ குடி. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்," என்றாள்.

எஞ்சின் சத்தம் மறையும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. டீ முடிந்தது, இன்னொரு டீயும் முடிந்தது, ஒன்றரை மணி நேரமாகியும் அவள் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறித் தேடிப் போகலாமா என்று யோசிக்கும்போது வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"எங்கக்கா போன?"

"ஜெயங்கொண்டம். வழியில ரெண்டு லாரிய முந்திட்டேன்டா."

திட்ட வாயெடுத்தவன், "இன்னும் என்ன மாத்தணும்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஹாரன். லாரிக்காரனுக்குக் கேக்கவே இல்ல."