ஏழா, பதினாலா

அக்கா மகளின் கல்லூரிப் படிப்புக்கு லேப்டாப் வாங்க, மலையிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கினோம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவன் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். அவள் ஒன்றைக் காட்டினாள். அதன் சிப் ஏழு நானோமீட்டர் என்றார் கடைக்காரர். பக்கத்தில் இருந்தது பதினாலு; நான் அந்நாளிலிருந்தே நம்பிய கம்பெனியுடையது.

“எது தேவலைங்க மாப்ள?” என்றார் மிளகு விவசாயியான மச்சான். மிளகில் பருத்த மணிக்குத்தான் மதிப்பு. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பதினாலுதான் மச்சான். பெருசுல்ல.”

“இல்லீங்க மாமா, அது வந்து...”

“நீ சும்மா இரு கண்ணு,” என்று அவளை அடக்கினேன்.

பதினாலையே வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது செல்போனில் தேடிப் படித்தேன். சிப் செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அந்த நானோமீட்டர் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் நம்பிய கம்பெனி பதினாலிலேயே நெடுநாள் நின்றுவிட, மற்றது ஏழுக்கு இறங்கி முந்திவிட்டது. சிறியதுதான் புதியது. அவளுக்கு அது கடையிலேயே தெரிந்திருக்கிறது.

இறங்கித் திரும்பிப் போனால் மாற்றிக்கொள்ளலாம். வாயைத் திறந்தேன்.

“நம்ம மாப்ள பொறுக்கிக் குடுத்ததுங்க,” என்று மச்சான் பக்கத்து சீட்டுக்காரரிடம் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் மலையேறத் தொடங்கியது.