துணி காயும் வரை

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையோரம் இருந்த விடுதி ஒன்றில் குத்தாலிங்கம் முப்பத்தோர் ஆண்டுகள் மேலாளராக இருந்தார். அங்கே அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: சாவியை வாங்கிய நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் அறை உங்களுடையது. காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு மறுநாள் காலை ஆறு வரை. மாலை நான்குக்கு வந்தவருக்கு மறுநாள் மாலை நான்கு வரை. அந்த நேரம் முடிய ஒரு மணி இருக்கும்போது அவரே மாடியேறி, விரல் முட்டியால் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

அறையைக் காலி செய்தபின் பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்காக விடுதியின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே நான்கு கொடிக்கயிறுகள், ஒரு கட்டில். அருவியில் நனைந்த துண்டுகளையும் சேலைகளையும் கொடியில் போட்டுவிட்டு, குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். சீசன் சாரலில் எந்தத் துணியும் காயாது. அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "நேரமாச்சோ, அண்ணாச்சி?" என்று யாராவது கூச்சத்தோடு எழுந்தால், "துணி இன்னும் காயலயே, இருங்க" என்பார். முதலாளியின் காதில் விழுந்தாலும் குற்றம் காண முடியாத பதில் அது. இந்தப் பதிலை வீட்டில் மனைவி சொக்கம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த முப்பத்தொரு சீசனிலும் சொக்கம்மாள் தென்காசியிலிருந்து தூக்குவாளியில் அவருக்குச் சோறு கொடுத்தனுப்பினாள். ஊர் ஊராகச் சனம் குற்றாலத்துக்கு வந்து தங்கிப் போயிற்று; அவளுக்கு மட்டும் ஒரு நாளும் விடுதி அறையில் படுக்க வாய்க்கவில்லை. "வேலைய விட்டுட்டு, வேற ஒருத்தன் விரிச்ச மெத்தையில உன்னப் படுக்க வைக்கேனா இல்லையா, பாரு" என்று ஆண்டுதோறும் சொல்வார். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, மகள் முத்துசெல்வி மலிவான பயணச்சீட்டு கிடைத்த வாரமாகப் பார்த்து இருவரையும் நான்கு நாள்களுக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தாள்.

கடைசி நாள் வந்தது. முந்தின நாள் பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கியதில் சொக்கம்மாளின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. விமான நிலையப் பேருந்து மாலை ஐந்தரைக்குத்தான். முதல் நாள் அவர்கள் அறைச் சாவியை வாங்கியது மாலை ஐந்து மணிக்கு. குத்தாலிங்கத்துக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் ரூம் நம்மளுது. நீ அசந்து தூங்கு" என்று சொல்லிவிட்டு, துவைத்த துணிகளைக் குளியலறையில் விரித்துப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வரவேற்பு மேசையில் இருக்கும் கோமளா, அந்த ஊர்த் தமிழ்ப்பெண், வாசலில் நின்றாள்.

"அங்கிள், செக்-அவுட் டைம் ஆச்சு லா."

"நாங்க வந்தது அஞ்சு மணிக்குல்லாம்மா?"

"எத்தன மணிக்கு வந்தாலும் பன்னெண்டுதான் அங்கிள். ரெண்டு மணிக்கு அடுத்த ஆளுங்க வர்றாங்க. எல்லா ரூமும் ஃபுல்."

"அது எப்படிம்மா? ஒரு நாள்னா இருவத்திநாலு மணி நேரம்லா. முப்பத்தோரு வருசம் லாட்ஜ் பாத்தவன் நான். உங்க மேனேஜரக் கூப்பிடுங்க. வீட்டுல மேலுக்கு முடியாமப் படுத்திருக்கா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைசிச் சொற்கள் அவருக்குப் பழகியவையாகப் பட்டன. எத்தனையோ பேர் இதே குரலில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவரிடம் சொன்னவை. நிறைந்த விடுதியில் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். பெட்டியை எடுக்க உள்ளே திரும்பினார்.

ஈரத்துணிகள் பாலித்தீன் பைக்குள் போயின. சொக்கம்மாள் செருப்புக்குள் அடங்காத கால்களைத் திணித்துக்கொண்டாள்.

"ஊரு சனத்தையெல்லாம் கதவத் தட்டி எழுப்புனியல்லா? இன்னைக்கு நம்மளத் தட்டிட்டாவ."

"சிரிக்காதட்டி."

"சிரிக்காம? நீங்க ரூல்ஸ் பேசுன பேச்சுல அந்தப் புள்ள மிரண்டுல்லா போச்சு."

வெளியே வெயில் கொளுத்தியது. பெட்டியை உருட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்தார்கள். ஒரு பழக்கடையின் முன் சொக்கம்மாள் நின்றுவிட்டாள். சீசனில் குற்றாலத்துக் கடைகளில் குவிந்து கிடக்கும் மங்குஸ்தான், இங்கேயும் அப்படியே குவிந்து கிடந்தது.

"தூக்குவாளியத் திருப்பி அனுப்பும்போது உள்ள ரெண்டு மங்குஸ்தான் வச்சு விடுவிய, நெனப்பிருக்கா?"

"அது எப்படி மறக்கும்?"

"நீங்களும் சாப்பிட்டியளோ என்னமோன்னு ஒண்ண எடுத்து வச்சிருப்பேன். நீங்க வர ராத்திரி ஆயிரும். வந்து அதையும் எனக்கே உரிச்சுக் குடுப்பிய."

பேசிக்கொண்டே அவள் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. "ஊருக்குப் போய்ச் சேந்தாப் போதும்ங்க" என்றாள்.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. தங்க வந்தவர் அப்படிச் சொல்லிக்கொண்டு வெளியேறினால் அது விடுதிக்காரனின் தோல்வி என்று முப்பத்தோர் ஆண்டுகள் நினைத்திருந்தவர் அவர். இன்று சொன்னவளோ, அத்தனை ஆண்டும் காத்திருந்து வந்தவள்.

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு விடுதிக்கே திரும்பினார். மேசைமுன் பாலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, ரூம் வேண்டாம். நான் பேசுனது தப்பு. இந்த ஈரத்துணியக் காயப்போட எங்கனயாவது எடம் இருக்கா?"

கோமளா பையைப் பார்த்தாள். பிறகு சொக்கம்மாளின் கால்களைப் பார்த்தாள்.

"மொட்டை மாடியில பெட்ஷீட் காயப்போடுவோம் அங்கிள். லிஃப்ட்ல போயிரலாம், வாங்க."

மாடியில் வெள்ளை விரிப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கூரை. அதன் நிழலில், வேலை செய்யும் பெண்கள் தலைசாய்க்கப் போட்டிருந்த கட்டில். கோமளா இரண்டு போர்வைகளை மடித்து வைத்து, "ஆன்ட்டி, காலத் தூக்கி இதுமேல வைங்க" என்றாள். குத்தாலிங்கம் இரண்டாவது சேலையை உதறிப் போடுவதற்குள் சொக்கம்மாள் தூங்கிவிட்டாள்.

அந்த வெயிலில் துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. விரிப்புகளிலிருந்து வந்த சோப்பு வாசனையில், தகரத்தின்மேல் சாரல் விழும் ஓசையை நினைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாலரை ஆனதும் எழுந்து, கூரையின் இரும்புத் தூணை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

சொக்கம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் சிரித்தது.

"நேரமாச்சோ, அண்ணாச்சி?"

குத்தாலிங்கம் கொடியில் மொடமொடத்த சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"துணி இன்னும் காயலயே, இருங்க" என்றார்.