வலைக்கயிறு கட்டி இழுத்த கார்

ஐம்பதுகளில் ஓர் ஐப்பசியில் கடலோரச் சதுரங்கப்பட்டினம் பள்ளிக்கு எனக்கு மாற்றல் வந்தது. கும்பகோணத்துக்காரனான எனக்கு அந்தப் பக்கமே புதிது. செங்கல்பட்டில் வாடகைக் கார் பிடித்து, மனைவியும் கைக்குழந்தையுமாகக் கொட்டும் மழையில் கிளம்பினோம்.

ஊரை நெருங்கும்போது, தரைப்பாலத்தின் மேல் ஓடிய வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. தண்ணீர் காருக்குள் ஏறியது. குழந்தை வீறிட்டு அழுதது. சற்று நேரத்தில் ஆட்கள் சிலர் வெற்றுடம்போடு, தோளில் கயிறுகளுடன் மழைக்குள்ளிருந்து எங்களை நோக்கி ஓடிவந்தார்கள்.

"கதவத் தொறக்காதீங்க சார், யார் எவருன்னு தெரியல" என்றார் டிரைவர்.

மனைவி கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். பெண்ணும் கைக்குழந்தையும் உள்ளே இருப்பது தெரியக்கூடாதென்று நான் குழந்தையின் வாயைப் பொத்தினேன்.

அவர்கள் கதவுப் பக்கமே வரவில்லை. பம்பரில் இரண்டு கயிறுகளைக் கட்டி, கடலிலிருந்து கரைவலை இழுப்பதுபோல் இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒரே குரலெடுத்து இழுத்தார்கள். வெள்ளம் தள்ளியதில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு அறுந்தால் அவ்வளவுதான். ஒருவழியாகச் சக்கரங்கள் கரையேறின.

முன்னால் நின்று இழுத்தவர் வந்து, ஆவி படிந்த கண்ணாடியைத் தட்டினார்.

"கொயந்த அழுவுற சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தோம். இப்போ சத்தத்தையே காணோமே சார், நல்லா கீதா?"

அப்போதுதான் கையை எடுத்தேன். குழந்தை அழுதது. வெளியே அவர் சிரிப்பது கேட்டது.

பிறகு அந்த ஊரிலேயே பல வருஷம் இருந்தேன். அந்த மீனவரின் பிள்ளைகளுக்கும் நான்தான் வாத்தியார். அன்றைக்கு என் கை எங்கே இருந்தது என்பதை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.