நிற்காதே, நட என்று சொன்ன வாய்

முருகனைக் கும்பிடுகிற எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு இதைச் சொல்கிறேன். போன வருஷப் பங்குனி உத்திரம் முடிந்து ஐந்தாம் நாள், என் ஒரே மகன் செந்திலை விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். வலது பாதம் கறுத்துப் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாதத்தை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தாலும் உயிருக்கு இப்போது உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். நான் மூன்றாவது வரை படித்தவன். அன்றைக்கு அந்தப் பேச்சு புரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புரிந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டேரிப்பட்டு ஹைவேஸில் டயர் கடை வைத்திருக்கிற ஏழுமலை நான்தான். அந்தப் பக்கம் போகிற எந்த லாரி டிரைவரையும் கேளுங்கள், தெரியாது என்று சொல்ல மாட்டான். ஒரு கைப்பம்பு, இரண்டு லீவர், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் என் முதல். இன்றைக்கு எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மாடி வீடு கட்டினேன். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. லாரி டயரைத் தனியாளாகப் புரட்டுவேன். ஜுரம் வந்தாலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பேன். மாத்திரை என்றால் என்ன ருசி என்று என் நாக்குக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் தினமும் சொல்வேன். சாப்பிடும்போது சொல்வேன், டீ குடிக்கும்போது சொல்வேன். செந்தில் கேட்டுக்கொண்டே வளர்ந்தான்.

நீ என்னைப் போல ஆக வேண்டும் என்று அவனுக்கு நான் ஒரு நாளும் உத்தரவு போட்டதில்லை. அவசியமே வரவில்லை. ஐ.டி.ஐ. முடித்தவன் நேராக என் கடைக்கு வந்துவிட்டான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவனாகத்தான் வந்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஒரு நாள் கடையில் ஒரு டிரைவர் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். சர்க்கரை வியாதியாம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாபா, இந்த வயசுலயே பையில மருந்துக்கடை வச்சிக்கினு சுத்துற? டயருக்குக் காத்து அடிக்கவா, உனக்கு அடிக்கவா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். செந்திலும் சிரித்தான். அப்போதே அவனுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி கவிதாவுக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரையை வீட்டில் வைத்தால் நான் பார்த்துவிடுவேன் என்று கடையில் டியூப் வால்வு போடுகிற டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தான். நான் பக்கத்தில் இருந்தால் டப்பாவைத் திறக்க மாட்டான். நான் எப்போதும் பக்கத்திலேயே இருந்தேன்.

எங்கள் சொந்த ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கம். அங்கிருந்து வருஷா வருஷம் மயிலத்துக்குக் காவடி எடுத்துப் போகிறோம். குழுவுக்கு நான்தான் குருசாமி. மாலை போட்டால் செருப்பு போடக் கூடாது. அது எங்கள் கட்டு. போன வருஷம் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடக்க முடியாது என்று செந்தில் வாய் திறந்து சொல்லவில்லை. கவிதா மட்டும், "மாமா, இந்த வருசம் அவரு வேன்ல வரட்டும் மாமா" என்றாள்.

"ஏன், உன் வூட்டுக்காரன் பொம்பளையா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் கூட்டேரிப்பட்டு வந்து சேர்ந்தோம். ஹைவேஸ் ஓரத்தில் வெடித்த லாரி டயர் துண்டு கிடக்கும். அதற்குள் இருக்கிற கம்பி ஊசியைவிட மெல்லிசு. டயர் வேலை செய்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் சர்க்கரையால் செந்திலுக்குப் பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. கம்பி ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த நான் ரோட்டில் சிவப்பாகத் தடம் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். என் பிள்ளை ரத்தம் சிந்திக் காவடி எடுக்கிறான் என்று எனக்கு மார் விம்மியது. என் கடைக்கு எதிரில் அவன் கொஞ்சம் தள்ளாடி நின்றான். என் ஆட்களும் டிரைவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்காதடா, நட. எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

நடந்தான். மலை ஏறினான். இறங்கி வந்து மறுநாள் கடையும் திறந்தான். பாதத்தில் துணியைச் சுற்றி அதன்மேல் ஷூ போட்டுக்கொண்டு டயர் மாற்றினான். நாலாம் நாள் ஜுரம். ஐந்தாம் நாள் அவன் படுத்திருந்த அறையில் நாற்றம். கவிதா என் முன்னால் வந்து நின்று வால்வு டப்பாவைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள் விழுந்தன. பாதிக்கு மேல் பிரிக்காமலே இருந்தன. "உங்களுக்குப் பயந்துக்கினுதான் மாமா" என்றாள்.

செந்திலை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே சாமி படம் எதுவும் இல்லை. ஒரு ஜன்னல் இருந்தது. வேண்ட ஆரம்பித்தேன். முருகா, உனக்கு இத்தனை வருஷம் காவடி எடுத்தேன், அன்னதானம் போட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாமியிடமும் என் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ரோட்டில் பார்த்த அந்தச் சிவப்புத் தடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம்தான் உண்மை வந்தது. "நிக்காதேன்னு நான்தான் சொன்னேன் முருகா. அவன் நிக்கத்தான் பார்த்தான். அவனை என்கிட்ட குடு. எனக்கு வேற எதுவும் வாணாம்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வயசுக்கு நான் அப்படி அழுததில்லை. என் வீட்டுக்காரி செத்தபோதுகூட அழவில்லை.

கணுக்காலோடு எடுத்தார்கள். இரண்டு நாள் அவனுக்கு நினைவே இல்லை. வாசலில் இருந்த நர்ஸம்மா என்னைப் பார்த்து, "குடும்பத்துல யாருக்காச்சும் சுகர் இருக்குதா பெரியவரே?" என்று கேட்டார். எங்கள் வம்சத்துக்கே கிடையாது என்றேன். "விரலைக் காட்டுங்க" என்று ஒரு குத்து குத்தினார். மிஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மகனுக்கு இருந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. எத்தனை வருஷமாக இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? இல்லாத ஒன்றைக் காட்டி நான் பெருமை பேசியிருக்கிறேன். அதைப் பார்த்து ஒருத்தன் காலைக் கொடுத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜுரம் இறங்கியது. கவிதா ஓடி வந்து, "மாமா, கண்ணு முழிச்சிட்டாரு, தண்ணி கேக்குறாரு" என்றாள். முருகன் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டான். டாக்டரே இனி பயமில்லை என்றார். அந்தப் படியிலேயே விழுந்து கும்பிட்டேன். ஆனால் உள்ளே போனபோது செந்தில் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சிக்கப்பா. கடையில வேல நின்னு பூட்ச்சா?" அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பங்குனிக்கும் குழு போனது. சர்க்கரை இருக்கிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று குருசாமியாக நானே சொன்னேன். முதலில் போட்டவன் நான். எங்கள் குழுவில் மூத்த காவடிக்காரர் ஒருவர், "இன்னா குருசாமி, புதுசா கீதே? சாமி ஒத்துக்குமா?" என்று கிண்டல் செய்தார். "சாமி என் காலப் பாக்கலபா, என் வாயத்தான் பாத்துது" என்றேன். அன்றைக்கு ஏழு பேர் செருப்பு போட்டார்கள். அவர்களில் நாலு பேருக்கு வியாதி இருப்பதே அதுவரை அவர்கள் வீட்டுக்குத் தெரியாது.

செந்தில் வேனில் வந்தான். செயற்கைக் கால் வைத்திருந்தாலும் படி ஏற முடியவில்லை. நான் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, அடிவாரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் முதலாகக் கேட்டேன்.

"இத்தினி வருசமா இந்த மலைக்கு வர்றியே, என்னடா வேண்டிக்குவே?"

"அப்பா மாதிரி ஆவணும்னு வேண்டிக்குவேன்பா."

"வேற?"

"வேற ஒண்ணும் வேண்டிக்கினதில்லப்பா."

அவனுக்கு நாற்பது வயசு. "செரி, இப்ப உனக்கு இன்னாடா வேணும்? உனக்கு" என்றேன்.

மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தெரியலப்பா. யோசிக்கணும்" என்றான்.

அடியார்களே, என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவன் முருகன். நம்பிக் கேளுங்கள், கொடுப்பான். ஆனால் உங்கள் பெருமையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டில் இருக்கிற பிள்ளைக்குத் தனக்கென்று ஒன்று கேட்க இடம் விடுங்கள். செந்தில் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான். நான் அவசரப்படுத்தவில்லை.